சிறுவிலைக் கமராவும் நமது காமன் கூத்தும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

"சினிமாக் கமரா ஒன்றைச் சங்கம் வாங்குவது தகுமா?" என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். இளைஞர் பக்கத்தில் ஆவல் மிகுதி; பெரியோர் பக்கத்தில் ஐயம் மிகுதி. பொதுவாகப் பேசினால் இரண்டும் தீரா. ஆதலால் ஒரு கமராவையும் ஒரு வேலையையும் எடுத்துக்கொள்வோம். கமரா, அவுஸ்திரேலியாவிலே மெல்பேர்ண் நகரத்துப் பிளாக்மாஜிக் டிசைன் கம்பனி 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட பொக்கற் சினிமா கமரா 4கே. வேலை, மாசி மாதத்தில் நமது தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைப் பாட்டோடும் தப்போசையோடும் பதிந்து வைத்தல். ஏடு பாராமல் அப் பாட்டுகளைச் சொல்ல வல்ல முதியோர் அருகி வருகிறார்கள் என்பதை இங்கிருக்கும் பெரியோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சிறிய கருவியைக் கொண்டு பெரிய காரியம் செய்வது நமக்குப் புதிதன்று. இலங்கையின் முதல் தமிழ்த் திரைப்படமாகிய "சமுதாயம்" 1962 இல் 16 மில்லிமீற்றர்ப் பிலிமிலேதான் எடுக்கப்பட்டது. 35 மில்லிமீற்றருக்குப் பணம் இல்லாதவனுக்கு அந்தக் காலத்தில் அதுவே வாசல். அடுத்த ஆண்டிலே "தோட்டக்காரி" வந்தது. 1975 இல் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் அவர்கள் "புதிய காற்று" என்ற படத்தைத் தயாரித்தார். இதே கம்பனி 2013 இல் 995 டொலருக்கு அறிவித்த முதலாவது பொக்கற் கமராவின் ஒளியுணரி, சூப்பர் 16 பிலிமின் அளவை ஒட்டியே அமைந்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 2012 இல், தமிழ்நாட்டில் பாலாஜி சக்திவேல் "வழக்கு எண் 18/9" படத்தைக் கனன் 7டி என்னும் புகைப்படக் கமராவினாலே எடுத்துத் தேசிய விருதும் பெற்றார். ஆகவே "சிறுவிலைக் கமராவில் சினிமா வருமா?" என்ற கேள்வி தீர்ந்துபோன கேள்வி. வருவதற்கு நாம் என்ன கொடுக்கவேண்டும் என்பதே மிச்சம்.

முதலில் நன்மையைச் சொல்வோம். இக் கமரா 13 படி ஒளிவீச்சைத் தாங்கும் என்கிறது கம்பனி. ஒவ்வொரு படியும் முன்னதன் இரு மடங்கு. எனவே மிக இருண்ட இடத்துக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் இடையே எண்ணாயிரம் பங்கு வேற்றுமை இருந்தாலும் இரண்டையும் ஒரே சட்டத்தில் பிடிக்கலாம். காமன் தகனத்தை நினைத்துப் பாருங்கள். நடுவிலே தீ, ஓரத்திலே ரதியின் முகம், அப்பால் கும்மிருட்டு. சாதாரணக் கமராவில் தீ வெள்ளைத் துணி போலாகும், அல்லது ரதி காணாமற் போவாள். மேலும் இதன் ஒளியுணரிக்கு 400, 3200 என இரு இயல்பான உணர்திறன் நிலைகள் உண்டு. இரண்டாவதற்கு மாற்றினால் தீப்பந்த வெளிச்சத்திலும் படத்தில் புள்ளி அதிகம் விழாது. நமது வேலைக்கு இதைவிட முக்கியமான குணம் வேறில்லை. படத்தை வெட்டி ஒட்டவும் நிறந் தீட்டவும் டாவின்சி ரிசோல்வ் ஸ்ரூடியோ என்னும் மென்பொருளையும் கமராவோடு சேர்த்தே கொடுத்தார்கள்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். இங்கேதான் சற்று நின்று பேச விரும்புகிறோம்.

மழையும் தூசியும் புகாத காப்பு இதற்கு இல்லை. உள்ளே விசிறி ஒன்று சுழல, காற்றுப் போக வழிகளும் வைத்திருக்கிறார்கள். றொசல்லையிலும் வட்டவளையிலும் காற்றோடு என்ன போகும் என்பது நமக்குத் தெரியும். தானே இடைவிடாது குவியம் தேடும் வசதி இல்லை. ஆடுகிறவன் முன்னும் பின்னும் போகப் போக, ஒருவர் கையாலேயே வில்லையைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். கை நடுக்கத்தைப் போக்கும் அமைப்பும் பெட்டிக்குள் இல்லை. ஆகவே முக்காலி வேண்டும். ஐந்தங்குலத் திரையை விளம்பரங்கள் புகழ்கின்றன. நல்ல வெயிலில் அதிலே நமது முகந்தான் தெரியும்!

வில்லையின் சங்கதி இன்னும் நுட்பமானது. ஒளியுணரி சிறிதாகையால், 50 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் போலக் காட்சியைக் குறுக்கிவிடும். திடலிலே அது நல்லதே. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குள் பாட்டியொருவரை உட்கார வைத்துப் பாடச் சொன்னால், கமராக்காரர் சுவரை உடைத்துப் பின்னே போகவேண்டியிருக்கும். ஆகவே 12 மில்லிமீற்றர் போன்ற அகன்ற வில்லையும் வேண்டும். அதற்குத் தனி விலை.

பற்றரி ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். விடிய விடிய ஆடும் கூத்துக்கு எட்டுப் பற்றரிகள் என்று வையுங்கள். படத்தை மிகச் சுருக்கிப் பதிந்தாலும், வினாடிக்கு 30 சட்டம் வீதம், வினாடிக்கு ஏறத்தாழ 34 மெகாபைட் சேரும். எட்டு மணி நேரத்துக்கு அது ஒரு டெராபைட்டை எட்டும். ஒரு பிரதி போதாது, இரண்டு வேண்டும்.

மிஷன் பாடசாலையிலே படித்த நமக்கு ஓர் உவமை பழக்கமானது. கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலிலே உட்கார்ந்து செலவைக் கணக்கிடாவிட்டால் பாதியில் நிற்பான், ஊரும் சிரிக்கும் என்பது அது. கணக்கைப் பார்ப்போம். 2018 இல் அறிவித்த விலை, வில்லை இல்லாமல், 1,295 டொலர். அன்று டொலர் ஏறக்குறைய 155 ரூபா. வரி நீங்கலாக இரண்டு இலட்சம். 2022 நெருக்கடியில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே பெட்டி நாலரை இலட்சத்தைத் தாண்டியது. டொலர் 300 ரூபா என்று கொண்டால் 3,88,500 ரூபா. 2024 இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்துப் பார்த்தால் கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் 288 நாட் பேர். இது வெறும் பெட்டிக்கு மட்டும். "அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாமே" என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட எமக்குத் துணிவில்லை.

"கைத்தொலைபேசி போதாதா?" என்றும் கேட்கிறார்கள். பல வேலைக்குப் போதும். அமெரிக்காவில் சோன் பேக்கர் 2015 இல் வெளிவந்த "ரான்ஜரின்" படத்தை ஐபோனிலேயே எடுத்தார். இதே பிளாக்மாஜிக் கம்பனி தொலைபேசிக்கென ஒரு படப்பிடிப்புச் செயலியை 2023 இல் இலவசமாக வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அண்ட்ரொயிட்டுக்கும் வந்தது. முதியோரின் பாட்டையும் பேச்சையும் பகல் வெளிச்சத்தில், வாசற்படியில் வைத்துப் பதிவதற்குத் தொலைபேசியும் நல்ல ஒலிவாங்கி ஒன்றும் தாராளமாய்ப் போதும். அதை நாளைக்கே தொடங்கலாம். தீயும் இருளும் சேர்ந்த தகன இரவில்தான் தொலைபேசி தோற்கும்.

ஆகவே எமது கருத்து இதுதான். கமராவைச் சங்கம் வாங்கவேண்டாம். வரும் மாசியில் தகன இரவுக்கும் அதற்கு முந்திய இரண்டு இரவுகளுக்கும் கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுப்போம். சங்கப் பணத்தில் சொந்தமாய் வாங்கவேண்டியவை பதிவுத் தட்டுகள் இரண்டு. ஒன்று சங்கத்து அலுமாரியில் இருக்கட்டும். மற்றது ஈரம் குறைந்த வேறோர் ஊரில், நம்மவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். வாடகைப் பெட்டி கைக்கு வருமுன், தொலைபேசியைக் கொண்டே குவியம் திருப்பவும் முக்காலியில் நிதானமாய் நிற்கவும் இளைஞர் நால்வர் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒன்றுமட்டும் பெரியோர்கள் எமக்குச் சொல்லவேண்டும். கூத்து விரதமிருந்து ஆடப்படுவது. தகன வேளையில் கமரா எவ்வளவு தூரத்தில் நிற்கலாம், எந்தப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது எமக்குத் தெரியாது. கூத்து மாஸ்டரிடம் போகுமுன் அதை உங்கள் வாயால் கேட்டுக்கொள்ளவே இங்கு நிற்கிறோம்.