எழுத்து இடறும் பிள்ளைகளும் செவிச் செல்வமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டு என்றோர் ஊர். அவ்வூர் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 1896ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்னும் அச்சிறுவன் அறிவுக்கூர்மை மிக்கவன். விளையாட்டில் பிறர்க்கு இளைத்தவன் அல்லன். கணக்கை விரும்பிச் செய்பவன். ஆயினும் பல ஆண்டுகள் பயிற்றியும் அவனால் வாசிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியில் இவனே முதல்வனாக இருப்பான் என்று அவன் ஆசிரியர் கூறியதையும் மார்கன் பதிவு செய்துள்ளார்.

அறிவுக்குச் செல்லும் வாயில்களுள் ஒன்று அடைபட்டிருக்கிறது. மற்றொன்று திறந்தே இருக்கிறது. அடைபட்ட வாயிலில் மட்டும் பிள்ளையை நிறுத்தி வைத்து, உள்ளே வரவில்லையே என்று கடிந்துகொள்வது முறையா? டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பிடர் பற்றிய வினா இதுவே.

இது கண்ணின் குறையன்று, சோம்பலும் அன்று, அறிவின்மையும் அன்று. பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. குடும்ப வழியாகவும் வருவது. கேட்ட சொல்லின் பொருள் இப்பிள்ளைக்கு நன்கு விளங்கும். அச்சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய வரிவடிவத்தை விரைந்து பொருத்துவதில்தான் பலர்க்கும் தடுமாற்றம்.

தமிழ் எழுத்து எளியது என்பது பொதுவான நம்பிக்கை. ஆங்கிலத்தை நோக்க அது உண்மையே. எனினும் இடறும் பிள்ளையின் நிலையிலிருந்து நெடுங்கணக்கைப் பார்த்தல் வேண்டும். ‘கொ’ என்று சொல்லும்போது வாயில் முதலில் பிறப்பது மெய். கையோ முதலில் கொம்பை எழுதுகிறது, பின்னர்க் ககரத்தை, அதன் பின்னர்க் காலை. அந்தக் காலும் ரகரமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. ‘கௌ’ என்பதில் நிற்கும் குறி, ளகரத்தின் உருவிலேயே நிற்கிறது. உகரமோ கு, சு, து, மு என மெய்தோறும் வேறு வேறு உருக் கொள்கிறது. ‘காகம்’ என்னும் சொல்லில் முதற் ககரம் வலிந்தும் அடுத்த ககரம் மெலிந்தும் ஒலிக்க, எழுத்து மட்டும் மாறுவதில்லை. இவற்றையெல்லாம் மற்றப் பிள்ளைகள் தாமே கடந்துவிடுவர். இப்பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு கை வேண்டும்.

அந்தக் கை எது? கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் மகிழ்ந்து சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1983இல் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையண்ட் என்னும் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் இருவர், வாசிக்கத் தொடங்காத சிறுவரிடையே செய்த ஆய்வை வெளியிட்டனர். முதலொலி ஒத்த சொற்களையும் இறுதியொலி ஒத்த சொற்களையும் இனங்காணும் திறன், பின்னாளில் அமையும் வாசிப்புத் திறனோடு நெருங்கிய தொடர்புடையது என்று அவர்கள் கண்டனர். அதில் பயிற்சி பெற்ற பிள்ளைகள், அதனோடு எழுத்துருக்களையும் சேர்த்துப் பயின்றபோது மேலும் முன்னேறினர். தமிழில் இதற்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. முதலொலி ஒப்பு மோனை, இறுதியொலி ஒப்பு இயைபு. இரண்டாம் எழுத்தின் ஒப்பாகிய எதுகையும் இதே செவிப் பயிற்சிதான். இதழும் நாவும் பல்லும் அண்ணமும் கூடி ஒலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். மணலில் விரலால் எழுதி வாயால் ஒலித்துப் பயின்றது திண்ணைப் பள்ளி. கண், செவி, வாய், கை நான்கையும் ஒருங்கே பயன்படுத்தும் முறையை 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்காமும் இப்பிள்ளைகளுக்கென்றே நெறிப்படுத்தினர். திண்ணைப் பள்ளியின் பிரம்பை விட்டுவிடலாம். மணலை விட்டிருக்க வேண்டாம்.

இதனால் மோனை பயின்றாலே இடர் தீர்ந்துவிடும் என்று கொள்ளலாகாது. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரின் துணை வேண்டும், காலமும் வேண்டும். சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்தே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெற்றது. இளமையிலேயே கண்டறிதல், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் துணை, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அச்சட்டம் கூறுகிறது.

இறுதியிற் சொன்ன விலக்கைப் பற்றித் தமிழன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது தேவைப்படுவோர்க்கு உரிமை. அதனைக் குறை கூறுவது அறமாகாது. ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த விலக்கு தமிழின் மீதே விழக்கூடும். அப்போது எழுத்துத் தேர்வோடு சேர்ந்து கதையும் பாட்டும் காப்பியமும் அப்பிள்ளையை விட்டு நீங்கிவிடலாமா? விலக்கு தேர்வுத்தாளுக்கு இருக்கட்டும், இலக்கியத்துக்கு வேண்டாம். வகுப்பில் முன்னறிவிப்பின்றி எழுப்பி வாசிக்கச் சொல்லி நாணவைக்காமல், பாடத்தைக் கேட்கவும் கேட்டதை வாயால் விடையளிக்கவும் இடந்தந்தால் போதும். தமிழ் அப்பிள்ளைக்கும் தாய்மொழியாகவே நிலைக்கும்.

பிறர் எழுதித் தருவது இழுக்கென்று கருதுவோரும் உளர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லிக்கொண்டே செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் புலமையை அவர் கையெழுத்தைக் கொண்டா உலகம் அளந்தது?

இவ்வட்டம் தன் பதினொன்றாம் ஆண்டில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. மாணவர்க்கான கவிதைப் போட்டிகளில், எழுதித் தர இயலாத பிள்ளை சொல்லித் தரலாம் என்று ஒரு விதி சேர்க்கலாம். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் நடுவர், அந்தப் பிழைக்குப் பின்னே நிற்கும் பிள்ளையை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். செலவில்லாத விதி, ஆனால் ஒரு பிள்ளை தன்னை மக்கு என்று எண்ணி வளர்வதும் எண்ணாமல் வளர்வதும் இத்தகைய விதிகளால் அமைபவை.

திருக்குறளில் கல்வி நாற்பதாம் அதிகாரம், கல்லாமை நாற்பத்தொன்று. வள்ளுவர் கல்லாமையோடு நிறுத்திவிடவில்லை. அடுத்து வைத்தது கேள்வி. கல்லாதவனும் கேட்டறியட்டும், தளர்ந்த வேளையில் அதுவே ஊன்றுகோல் என்று அங்கே கூறுகிறார். அந்த ஊன்றுகோலை இப்பிள்ளைகளின் கையில் கொடுக்கும் கடமை தமிழ் கற்றோருடையது.