நோன்பு திறக்கையில் மாத்திரையும் பழச்சாறும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோன்பு மாதத்தில் நம் பள்ளியில் அன்றாடம் காணும் காட்சி ஒன்று. கஞ்சிக் கோப்பையின் பக்கத்தில் பழச்சாறு. சட்டைப் பையிலிருந்து வெளிவரும் மாத்திரை. பகல் முழுதும் உட்கொள்ள இயலாத மாத்திரையை அந்தச் சாற்றைக் கொண்டே விழுங்கி விடுகிறோம். பழம் நன்மை தருவதுதானே என்னும் எண்ணம். அந்த எண்ணம் குறித்தே சில செய்திகளை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

கனடா நாட்டில் டேவிட் பெய்லி என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும், ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தை மதுவோடு சேர்த்தால் என்ன நேரும் என ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்கவே கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தனர். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் உயர்ந்தது. காரணம் மதுவன்று, சாறே என்பது பின்னர் உறுதியாயிற்று. 1991இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரோடு உட்கொண்டதைக் காட்டிலும் சாற்றோடு உட்கொண்டபோது சராசரியாக ஏறக்குறைய 3 மடங்கு மருந்து இரத்தத்தில் கலந்திருந்தது. ஒரு மாத்திரை விழுங்கியவர் மூன்று விழுங்கியவர் போலானார்!

சில மருந்துகளின் ஒரு பகுதியைக் குடல் சுவரிலுள்ள நொதி ஒன்று சிதைத்து விடும். அதையும் கணக்கிட்டே மாத்திரையின் அளவு வகுக்கப்படுகிறது. இப்பழம் அந்நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. உடல் புதிய நொதியை உண்டாக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே இரவில் சாறு, காலையில் மாத்திரை என்று பிரித்துக் கொள்வதும் பயன் தராது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் இவ்வகையினவே. சிம்வாஸ்டாடின் மிகுந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

பெயரைக் கேட்டுத் திராட்சை என மயங்க வேண்டாம். இது ஆரஞ்சின் இனம். நம்மூர் பம்பளிமாஸும் இதன் நெருங்கிய உறவே. அதற்கும் இக்குணம் உண்டு.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஒவ்வாமைக்கான ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகளோடு விழுங்கினால் மருந்து போதிய அளவு உடலில் சேராது. மாத்திரை சரியில்லை என்று மருந்துக் கடைக்காரரைக் கடிந்து கொள்வோம்! இங்கே 4 மணி நேர இடைவெளி பெரும்பாலும் போதுமானது.

இளநீரையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுதி. லோசார்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை உடலில் பொட்டாசியத்தைத் தேக்கி வைப்பவை. சிறுநீரகம் தளர்ந்த முதியோர் இரண்டையும் தாராளமாகச் சேர்த்தால் இதயத் துடிப்பே தடுமாறக் கூடும்.

இதற்கு அஞ்சி எவரும் தாமாக மாத்திரையை நிறுத்தி விட வேண்டாம். அது இதனினும் பெருந்தீங்கு. நோன்பு தொடங்குமுன் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டி, எதை எந்நேரத்தில் உட்கொள்வது, எந்தப் பழத்தை விலக்குவது எனக் கேட்டறியுங்கள். வரும் நோன்பில் ஒவ்வொரு ஸஹனுக்கும் அருகில் தண்ணீர்க் குவளை தனியே வைக்க ஏற்பாடு செய்கிறோம். மாத்திரைக்கு அதனையே எடுத்துக் கொள்ளுங்கள்.