பிரதமரைத் தோற்கடித்த தொகுதி

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையொன்றில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய உரை)



தேர்தல் என்றதும் யார் வென்றார், எத்தனை வாக்கால் வென்றார் என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். காணியொன்றின் உரித்தைப் பார்க்க வருபவருக்கு நான் கடைசி உறுதியை மட்டும் படித்துக் காட்டுவதில்லை. பழைய உறுதிகளையெல்லாம் வரிசைப்படி புரட்டினாலன்றோ வில்லங்கம் எங்கே என்பது விளங்கும்! அந்த முறையிலேயே, சமஷ்டி நாடாகிய கனடாவின் ஒரு தேர்தற்றொகுதியை இன்று உங்கள் முன் விரித்து வைக்கிறேன்.

சஸ்கச்சுவான் மாகாணத்தின் மத்திய பாகத்திலே, வட சஸ்கச்சுவான் ஆற்றங்கரையில் பிரின்ஸ் அல்பேட் என்ற பட்டினம் இருக்கிறது. தெற்கே கோதுமை வயல், வடக்கே பெருங்காடு. 1896 ஆம் ஆண்டுத் தேர்தலிலே, மாகாணமாக அமையுமுன் இருந்த சஸ்கச்சுவான் பிரிவிலும், கியூபெக் கிழக்கிலும் சேர் வில்பிரட் லோரியர் ஒருங்கே வென்றார். வென்றவர் கியூபெக்கையே தமக்கென வைத்துக்கொண்டார். 1905 இல் மாகாணம் பிறந்தது. 1907 இல் பிரின்ஸ் அல்பேட் தனித் தொகுதியாயிற்று. 1908 இல் முதற்றேர்தல் நடந்தது.

சமஷ்டியிலே வாக்காளனுக்கு இரு வாக்குகள் உண்டு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மாகாண அரசின் பொறுப்பு. பாதுகாப்பு, நாணயம், பிறநாட்டு வாணிபம் முதலியன மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே, ஒரே கமக்காரன் மாகாணத்துக்கு ஒரு கணக்கும் ஒட்டாவாவுக்கு வேறொரு கணக்கும் வைத்திருக்கிறான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பதிவேட்டைப் பாருங்கள்.

1908 இல் லிபரல் கட்சி வென்றது. 1911 இல் கொன்சவேற்றிவ் கட்சி வென்றது. 1917 இல் யுத்தகாலக் கூட்டரசின் ஆதரவாளர் அன்றூ நொக்ஸ் வென்றார். அதே நொக்ஸ் 1921 இல் கமக்காரரின் முற்போக்குக் கட்சியின் பெயரால் மீண்டும் வந்தார். அந்த ஆண்டில் சஸ்கச்சுவானின் 16 ஆசனங்களில் 15 முற்போக்குக் கட்சிக்குக் கிடைத்தன. பழைய இரு கட்சிகளும் தங்கள் விளைச்சலின் விலையைக் காப்பாற்றவில்லை என்று கண்ட கமக்காரர் தாமே ஒரு கட்சியாயினர்.

1925 இல் லிபரல் கட்சியின் சாள்ஸ் மக்டொனால்ட் வென்றார். அதே தேர்தலிலே பிரதமர் மக்கென்சி கிங் ஒன்ராறியோவிலிருந்த தம் தொகுதியை இழந்து நின்றார். அவருக்காக மக்டொனால்ட் ஆசனத்தைத் துறந்தார். 1926 இல் கிங் பிரின்ஸ் அல்பேட்டின் பிரதிநிதியானார். 1927 இல் அந்தப் பட்டினத்துக்கு வடக்கே ஒரு தேசியப் பூங்கா நிறுவப்பெற்றது. பிரதமரின் தொகுதிக்குக் கிடைத்த பரிசு அது என்றே பலரும் கொண்டனர். அப்படிப்பட்ட பரிசுகளால் ஒரு தொகுதி என்றென்றைக்கும் ஒருவருடையதாகிவிடுமா?

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. முப்பதுகளின் வறட்சியும் கோதுமை விலை வீழ்ச்சியும் சஸ்கச்சுவானை உலுக்கின. கூட்டுறவுப் பொதுநலச் சம்மேளனம் என்னும் புதுக் கட்சி வளர்ந்தது. 1944 இல் ரொமி டக்ளஸ் தலைமையில் மாகாண ஆட்சியைப் பிடித்தது. 1945 யூன் 11 இல் நாடெங்கும் பொதுத்தேர்தல். பிரின்ஸ் அல்பேட்டில் ஊர்வாக்குகளை எண்ணியபோது கிங் முன்னே நின்றார். சில நாள்களின் பின் படைவீரரின் வாக்குகள் வந்து சேர்ந்தன. கணக்குத் தலைகீழாயிற்று. சம்மேளனத்தின் வேட்பாளர் எட்வேட் போவர்மன் வென்றார்.

யுத்தத்தை நடத்திய பிரதமரை யுத்தத்துக்குப் போனவர்களின் வாக்கே வீழ்த்தியது! ஆட்சி அவர் கட்சியிடமே இருந்தது. ஆனால் ஆசனம் இல்லை. ஒன்ராறியோவிலுள்ள கிளென்கரித் தொகுதிக்குப் போய் இடைத்தேர்தலில் நின்றே அவர் சபைக்குத் திரும்பினார். பெருமக்களே, நாட்டின் முதல்வரும் தொகுதியின் முன் ஒரு வேட்பாளரே.

இனி மற்றொரு மனிதரைப் பாருங்கள். ஜோன் டீபன்பேக்கர் ஒரு நியாயவாதி. 1925 இலும் 1926 இலும் இதே தொகுதியில் தோற்றார். இரண்டாவது முறை கிங்கிடமே தோற்றார். 1929 இல் மாகாணத் தேர்தலிலும், 1933 இல் நகர முதல்வர் பதவிக்கும், 1938 இல் மீண்டும் மாகாணத்திலும் தோற்றார். ஐந்து தோல்விகளின் பின் 1940 இல் லேக் சென்ரர் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். 1952 இல் எல்லைகளைத் திருத்தியபோது அந்தத் தொகுதியே கலைக்கப்பட்டது. 1953 இல் அவர் பிரின்ஸ் அல்பேட்டுக்குத் திரும்பி வந்து வென்றார். அன்றுதொட்டு 1979 இல் இறக்கும்வரை பத்துப் பொதுத்தேர்தல்களில் அத்தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1957 இல் பிரதமரானார். 1958 இல் 265 ஆசனங்களில் 208 ஐ அவர் கட்சி பெற்றது. 1963 இல் ஆட்சியையும் 1967 இல் கட்சித் தலைமையையும் இழந்தார், தொகுதியை இழக்கவில்லை.

இதுவரை நான் சொன்னது வென்றவர்களின் கதை. வில்லங்கம் இருப்பது வாக்காளர் இடாப்பிலே.

1917 ஆம் ஆண்டு யுத்தகாலத் தேர்தற் சட்டம், பகை நாடுகளில் பிறந்து 1902 மார்ச்சுக்குப் பின் குடியுரிமை பெற்றவர்களிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தது. காடு வெட்டிக் கழனியாக்கிய உக்கிரேனிய, ஜேர்மானியக் குடியேற்றக்காரர் பலர், தாங்கள் திருத்திய நிலத்தில் நின்றபடியே வாக்கிழந்தனர். அந்த நிலத்துக்கு அவர்களுக்கும் முன்னரே உரியவரான ஆதிக்குடிகளின் நிலை இன்னும் கொடிது. தம் உடன்படிக்கை உரிமையைத் துறந்தாலன்றி அவர்களிற் பெரும்பாலோருக்கு மத்தியத் தேர்தலில் வாக்கில்லை. லோரியர், கிங், போவர்மன் ஆகியோர் பெற்ற வெற்றிகளை எண்ணும்போது இந்த எண்ணப்படாத மக்களையும் சேர்த்தெண்ண வேண்டாமா?

அந்த விலங்கு 1960 யூலை 1 ஆம் தேதி அறுந்தது. உரிமையைத் துறக்காமலே வாக்களிக்கலாம் என்ற சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது டீபன்பேக்கரின் அரசு. அவ்வாண்டிலேயே உரிமைப் பிரகடனச் சட்டமும் நிறைவேறிற்று. ஐந்துமுறை தோற்ற வழக்கறிஞரின் வாழ்வில் இதைவிடப் பெரிய வெற்றி எதுவென்று எனக்குத் தோன்றவில்லை.

பிற்கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1979 இடைத்தேர்தலில் புதிய சனநாயகக் கட்சியின் ஸ்ரான் ஹொவ்டெபோ வென்றார். 1988 இல் தொகுதி வேறு பெயரும் வேறு எல்லையும் பெற்றது. 1997 இல் பழைய பெயர் மீண்டது. அன்று ரிபோம் கட்சி வென்றது. பின்னர் அதன் வழிவந்த கட்சிகளே வென்று வருகின்றன. 2008 முதல் 2025 வரை கொன்சவேற்றிவ் கட்சியின் ரண்டி ஹோபக் வென்றிருக்கிறார். ஒருகாலத்தில் கமக்காரர் கோதுமையைக் கூட்டாக விற்கவே கட்சி கட்டினர். 2012 இல் கோதுமைச் சபையின் ஏகபோகம் நீங்கியபோது, தன் தானியத்தைத் தானே விற்பதே சுதந்திரம் என்று வரவேற்ற கமக்காரரும் அங்கே இருந்தனர். எதிர்த்து வழக்காடியவரும் இருந்தனர். மண் ஒன்றே, தலைமுறை மாற எண்ணமும் மாறுகிறது. வாக்கு என்பது அதற்காகவே இருக்கிறது.

பெரியோர்களே, இந்த உறுதிகளைப் படித்து நான் கண்ட தீர்ப்பு இது: தொகுதி எந்தத் தலைவருக்கும் முதுசொம் அன்று. எல்லைக்கோடு ஒரு மனிதரின் வாழ்வை மாற்றும்; ஆகவே அக்கோட்டை வரைபவர் யார் என்று கேளுங்கள். கனடாவில் 1964 முதல் அந்த வேலை கட்சிகளின் கையிலிருந்து எடுக்கப்பட்டுச் சுயாதீன ஆணைக்குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடாப்பில் யார் பெயர் இல்லை என்று பாருங்கள். வேலி பிரிக்கப்பட்டதை விடிந்ததும் கண்டுகொள்ளும் கமக்காரன், வாக்குப் பறிக்கப்பட்டதைத் தேர்தலன்றுதான் அறிகிறான். அன்று அறிந்து பயனில்லை. வீட்டுக்குப் போனதும் உங்கள் பெயரையும், அயலவன் பெயரையும், அவன் உங்களுக்கு எதிராக வாக்களிப்பவனாயினும், இடாப்பிலே தேடிப் பாருங்கள்.