தோலில் விழும் வளையம்

மோதிரத்தைக் கழற்றினால் விரலில் ஒரு தடம் தெரியும். அதற்காக யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை.

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் ஒரு திறப்பு வைத்து, அதன்மேல் பை ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் நம்மிடையே உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பையை மாற்றும்போது அவர்கள் தோலிலும் ஒரு வளையம் தெரியும். லேசாகச் சிவந்து, சற்று நேரத்தில் மங்கினால் பயமில்லை. எரிச்சலோ புண்ணோ ஈரக்கசிவோ இருந்தால் அது வேறு சேதி. அநேகமாக, பையைத் தோலில் ஒட்டும் தகட்டின் ஓட்டை அளவு தப்பியிருக்கும்.

புதிதில் அந்தத் திறப்பு வீங்கியிருக்கும். 6 முதல் 8 வாரத்தில் சுருங்கும். நாம் தகட்டின் ஓட்டையைப் பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருப்போம். இடைவெளியில் கழிவு தோலைத் தொடும். சிறுகுடல் கழிவென்றால் கேட்கவே வேண்டாம். சோற்றையே கரைக்கிற நொதி, தோலை விட்டுவைக்குமா? திறப்பைவிட 2, 3 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் போதும். உட்கார்ந்தும் பார்த்துக்கொள்ளுங்கள், படுத்தால் தெரியாத, கசிவுக்கு வழிவிடும் வயிற்று மடிப்பு அப்போதுதான் விழும். புண் ஆறாவிட்டால் நர்ஸிடம் காட்டிவிடுங்கள்.

ஒட்டும் பையை யோசித்ததும் ஒரு நர்ஸ்தான். டென்மார்க்கின் எலிசெ சோரென்சென். பை வைத்த தன் சகோதரி, கசிவுக்குப் பயந்து வெளியே போகாமலிருந்ததைப் பார்த்து, 1954இல் யோசித்தார். பிளாஸ்டிக் முதலாளி ஒருவர் தயாரிக்க முதலில் மறுத்தார். அவர் மனைவியும் நர்ஸ். அந்த அம்மா சொன்ன பிறகு, மறுபேச்சு ஏது?