மதக்காரர்களின் நற்காரியமும் நமது கடமையும்



இந்தக் கூட்டம் துவங்குமுன் சில நண்பர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "மதம் மனிதனுக்குள் பேதத்தை உண்டாக்குகிறது என்று ஊர் ஊராய்ப் பேசுகிறீர்கள். ஆனால் அமெரிக்காவில் நிறபேதத்தை எதிர்த்துப் போராடியது கிறிஸ்தவ சர்ச்சுகள்தானே? தெருக் கொலைகளை நிறுத்தப் பாதிரிமார்கள் இரவெல்லாம் அலைந்தார்களே? இதற்கு உங்கள் பதில் என்ன?" என்பதே அந்தக் கேள்வி. இது நியாயமான கேள்வி. கேட்டவரைக் கேலி செய்து உட்காரவைப்பது பகுத்தறிவுக்காரன் வேலையாகாது. ஆதலால் அதைப்பற்றியே இன்று பேசலாம் என்றிருக்கிறோம்.

முதலாவது, அமெரிக்காவில் கறுப்பு மக்களை ஆடுமாடுகளைப்போல் விற்று வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய்வந்தவர்கள்தான். அடிமை வைத்திருப்பவனை மதப் பிரசாரகனாக அனுப்ப மாட்டோம் என்று வடநாட்டார் சொல்லப்போய், 1845-ல் தென்பகுதி பாப்டிஸ்டுகள் தனிச் சபையே கண்டுவிட்டார்கள். அந்தச் சபை அதற்காக மன்னிப்புக் கேட்டது 1995-ல்! சத்தியத்தைத் தெரிந்துகொள்ள 150 வருஷம் பிடித்தது. ஆனால் அதே பைபிளை வைத்திருந்த பிலடெல்பியா குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவனுக்குத் தங்கள் சங்கத்தில் இடமில்லை என்று 1776-லேயே முடிவு செய்தார்கள். கடவுள் ஒருவர், புஸ்தகம் ஒன்று, நடத்தை மாத்திரம் இரண்டு. அப்படியானால் நன்மையைச் செய்தது புஸ்தகமா, அல்லது அதைப் படித்தவனுடைய மனிதத் தன்மையா? யோசித்துப் பாருங்கள்.

அடுத்தபடியாக, மாண்ட்காமரி பஸ் பகிஷ்காரத்தை எடுத்துக்கொள்ளுவோம். 1955 டிசம்பர் 1-ந் தேதி ரோஸா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண்மணி, ஒரு வெள்ளையனுக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அவரை ஜாமீனில் எடுக்கப் போனவர்களில் ஒருவர் ஈ.டி. நிக்ஸன் என்ற ரயில் போர்ட்டர், தொழிற்சங்கக்காரர். அன்றிரவே கண் விழித்துப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்தவர் ஜோ ஆன் ராபின்ஸன் என்ற ஆசிரியை. கூட்டம் கூட இடம் கொடுத்தது சர்ச்சு. முன்னின்று பேசியவர் 26 வயதுப் பாதிரியாரான மார்ட்டின் லூதர் கிங். 381 நாள் கறுப்பு மக்கள் பஸ் ஏறவில்லை. கிழவிகள் நடந்தார்கள், வேலைக்காரிகள் நடந்தார்கள், சர்ச்சுகளின் பணத்தில் வாங்கிய வண்டிகள் ஆட்களை ஏற்றிப்போயின. நான்கு பெண்கள் வாதிகளாய் நின்ற வழக்கில் 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அவர்கள் பிரார்த்தனையும் செய்தார்கள், நாம் மறுக்கவில்லை. ஆனால் பிரார்த்தனை 1955-க்கு முன்னும் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டுதான் இருந்தது. பஸ்ஸில் பின் ஸீட்டுதான் கிடைத்தது. அந்த வருஷம் புதிதாய் வந்தது என்ன? கால்நடை, கட்டுப்பாடு, காசு வசூல், கோர்ட்டு வழக்கு. மாறியது எதுவோ அதுதானே காரணமாயிருக்க வேண்டும்?

இன்னொன்று பாருங்கள். 1963-ல் பர்மிங்ஹாமில் கிங் போராடியபோது, அவசரப்படுகிறீர்கள், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிக்கை விட்டவர்கள் யார்? வெள்ளைக்கார மத குருமார்கள் எட்டுப்பேர்! அவர்களுக்கு ஜெயிலிலிருந்து பதில் எழுதியவரும் ஒரு மத குருவே. அதே வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அவ்வூர் 16-வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் வெடிகுண்டு வெடித்து நான்கு பெண் குழந்தைகள் மாண்டார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. வைத்தவர்கள் சிலுவையைக் கொளுத்தி ஊரைப் பயமுறுத்தும் கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தார். அவர்களும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள். கடவுள் தம் வீட்டிற்கு வந்த குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. முதல் குற்றவாளி தண்டனையடைந்ததே 1977-ல்தான். அதையும் மனிதர்கள்தான் விடாப்பிடியாய் நின்று செய்யவேண்டியிருந்தது.

கடவுள் நம்பிக்கையில்லாமல் ஒருவன் இவ்வளவு பாடுபடுவானா என்பார்கள். ஏ. பிலிப் ராண்டால்ப் யார்? பாதிரியார் மகன், மத நம்பிக்கையை விட்டவர். ரயில் போர்ட்டர்களுக்கு 1925-ல் சங்கம் கண்டவர். நாம் சொன்ன நிக்ஸன் அந்தச் சங்கத்து ஆள்தான். 1963 ஆகஸ்டு 28-ந் தேதி வாஷிங்டனில் சுமார் 2,50,000 பேர் கூடிய ஊர்வலத்திற்குத் தலைமை வகித்தவரும் இவரே. அங்கே பாதிரியாரும் நாஸ்திகரும் ஒரே மேடையில் நின்றார்கள். ஒருவரையொருவர் "நீ மோட்சத்துக்குப் போவாயா?" என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இனித் தெருக் கொலைகளைப்பற்றி. பாஸ்டன் நகரில் 1990-ல் 152 கொலைகள் நடந்தன. 1992-ல் ஒரு சர்ச்சில் சாவு ஜெபம் நடக்கும்போதே, துரத்தப்பட்டு உள்ளே ஓடிவந்த ஒரு பையனை எதிரிக் கூட்டத்தார் குத்தினார்கள். அதன் பிறகே கறுப்புப் பாதிரிமார் சிலர் சர்ச்சைவிட்டு இரவில் தெருவிலிறங்கிப் பையன்களோடு பேசத் துவங்கினார்கள். போலீசார், ஜெயிலிலிருந்து வந்தவர்களைக் கண்காணிக்கும் உத்தியோகஸ்தர்கள், தெருவில் பையன்களுக்கிடையே வேலை செய்தவர்கள் எல்லோரும் கூடி உழைத்ததில், 1999-ல் கொலை 31 ஆகக் குறைந்தது. போதை மருந்து விற்ற ஒருவன் ஒரு பாதிரியாரிடம் சொன்னது இது: பையன் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தெருவில் நிற்பது நாங்கள்தான், நீங்கள் இல்லை, அதனால்தான் அவன் எங்களிடம் வருகிறான். தோழர்களே! இதில் உள்ள புத்தி எந்த வேதத்திலும் பெரிது அல்லவா?

ஆகவே நமது பதில் இது. மதக்காரர் செய்த நல்ல காரியத்தை நல்ல காரியம் என்றே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பலன் வந்தது அவர்கள் பீடத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கிய பிறகுதான். அவர்களிடம் ஒரு வசதி இருந்தது. அதை நாம் மறைக்கக்கூடாது. வாரம் ஒருமுறை கூடும் ஜனங்கள், ஒரு கட்டிடம், ஒரு உண்டியல், யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரிக்கும் வழக்கம்.

இது நமக்கு அந்நிய விஷயமல்ல. 1959-ல் கிங் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் அவரை அமெரிக்காவின் தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார்களாம். முதலில் அதிர்ந்துபோய், பிறகு அது உண்மையே என்று உணர்ந்ததாக 1965-ல் அவரே பிரசங்கத்தில் சொன்னார். நோய் ஒன்று, பேர்தான் வேறு.

கோயிலை விட்டு வெளியே வா என்று நாம் ஒருவனைக் கூப்பிடுகிறோம். ஜாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் நடுராத்திரியில் கதவைத் தட்டினால் அடைக்கலம் யார்? சேரியில் நெருப்பு வைத்தால் முதலில் ஓடுகிறவர் யார்? கோர்ட்டுச் செலவுக்குப் பணம் எங்கே? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஆள் பேர் எழுதி வைத்திருக்க வேண்டும். பெண்கள் பேரும் அதில் இருக்க வேண்டும். கடவுள் காப்பாற்ற மாட்டார் என்று சொன்னவனுக்கே, மனிதனை மனிதன் காப்பாற்றவேண்டிய பொறுப்பு இரட்டிப்பாகிறது. கை தட்டிவிட்டுக் கலைந்துபோகாமல், பேர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டு, நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.