டிராலி போடும் பில்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சாமான் எடுக்க அரை மணி நேரம் என்றால், பில் போட அதற்கு மேல் ஆகும். முன்னால் நிற்பவர் கத்தரிக்காய்க்கு எடை ஸ்டிக்கர் ஒட்டாமலே வந்திருப்பார். கடைப் பையன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவான். அவன் வரும்வரை வரிசை அப்படியே நிற்கும்.

இந்த வரிசையே எதற்கு, சாமானைச் சுமக்கிற டிராலியே பில்லையும் போட்டுவிடட்டுமே என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் சில கடைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு திரை, பார்கோடு படிக்கும் கருவி, சில வண்டிகளில் கேமரா, அடித்தட்டில் எடை காட்டும் கருவி. பொருளை உள்ளே வைக்க வைக்கத் திரையில் கணக்கு ஏறும். முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இந்த ஸ்மார்ட் டிராலியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இதைப் புது இயந்திரம் என்று மட்டும் பார்த்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். கடைக்காரர் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாக வாடிக்கையாளர் தலையில் வந்து இறங்கிய கதை இது. அந்தக் கதை தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

1916ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்ற ஊர். அங்கே கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை பெரும்பாலும் எல்லா ஊரிலும் ஒரே முறைதான். நாம் சீட்டை நீட்டுவோம், கடைக்காரர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். சாண்டர்ஸ் அலமாரிகளைத் திறந்துவிட்டு, 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார். ஆள் கூலி மிச்சமானது, விலையும் குறைந்தது, கூட்டம் கூடியது. எடுக்கும் வேலை அன்றைக்கு நம் கைக்கு வந்தது.

அடுத்தது சுமக்கும் வேலை. கையில் கூடையோடு கடைக்குள் சுற்றுகிறவர் கூடை கனத்ததும் போதும் என்று நிறுத்திவிடுகிறார் என்பதைக் கவனித்தவர், ஓக்லஹோமா சிட்டியில் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மேன். மடக்கு நாற்காலி ஒன்றைப் பார்த்து யோசனை பிறக்க, அதற்குச் சக்கரம் பொருத்தி, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கம்பிக் கூடைகளை வைத்து, 1937இல் தள்ளுவண்டியைக் கடைக்குள் விட்டார். யாரும் தொடவில்லை. ஆண்களுக்குக் கூடை தூக்கும் பலம்கூட நமக்கு இல்லையா என்ற ரோஷம். பெண்களுக்குப் பிள்ளை வண்டி தள்ளி அலுத்த சலிப்பு. கோல்ட்மேன் விடவில்லை. பல வயதுக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, வாடிக்கையாளர் போல வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நடமாடச் சொன்னார். நாலு பேர் தள்ளுவதைப் பார்த்ததும் ஐந்தாவது ஆள் தானே வண்டியைப் பிடித்தார்.

மூன்றாவது திருப்பம் பார்கோடு. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற சிற்றூரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ரிக்லி நிறுவனத்தின் ஜூசி ஃப்ரூட் சூயிங் கம் பாக்கெட் ஒன்று ஸ்கேனர் கண்ணாடிக்கு மேலே நகர்ந்தது. 67 சென்ட் என்று விலை விழுந்தது. இன்றைய பார்கோடு முறையில் பில் போட்ட முதல் பொருள் அதுதான். அதுவரை விலையைப் பார்த்துப் பொத்தானை அமுக்க ஒரு பழகிய கை வேண்டும். பார்கோடு வந்த பிறகு யார் வேண்டுமானாலும் பில் போடலாம் என்றாயிற்று. யார் வேண்டுமானாலும் என்றால், வாங்க வந்தவரும்தான். 1980களிலேயே அமெரிக்காவில் வாடிக்கையாளர் தானே பில் போடும் கவுண்டர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். எடுப்பது, சுமப்பது, பில் போடுவது என்ற மூன்றையும் இப்போது ஒரே வண்டியில் ஏற்றி நம்மிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அந்த வண்டி எப்படி வேலை செய்கிறது? ஜப்பானில் ஃபுகுவோகாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'டிரையல்' என்ற மலிவு விலைக் கடைக் குழுமம் இதில் முன்னோடி. அவர்கள் வண்டியில் பெரிய மாயம் எதுவும் இல்லை. கைப்பிடி அருகே ஒரு டேப்லெட், ஒரு ஸ்கேனர், அவ்வளவுதான். கடையின் பிரீபெய்டு அட்டையை முதலில் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளையும் ஸ்கேனரில் காட்டிவிட்டு உள்ளே போட வேண்டும். எடுத்த பொருளுக்கு ஏற்றாற்போல் திரையில் தள்ளுபடிக் கூப்பன் வரும். முடிந்ததும் அதற்கென்று உள்ள வழியாக வெளியே வந்தால், அட்டையில் இருக்கும் பணம் கழிந்துவிடும். கடையிலேயே அந்த அட்டையில் ரொக்கம் போட்டுக்கொள்ளலாம். வங்கிக் கணக்கும் ஸ்மார்ட்போனும் இல்லாத பாட்டிகூட இந்த வண்டியைத் தள்ளலாம்.

அமேசான் நிறுவனத்தின் 'டேஷ் கார்ட்' இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 2020இல் அறிவித்தார்கள். கைபேசியில் வரும் க்யூ.ஆர். கோடைக் காட்டினால் வண்டி நம் கணக்கில் திறந்துகொள்ளும். பார்கோடு உள்ள பொருளைக் கேமரா முன் காட்டிவிட்டுப் பைக்குள் வைக்கலாம். தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் பார்கோடு ஏது? அதற்குத் திரையில் பெயரைத் தேடி, அல்லது அந்தக் காய்க்குரிய எண்ணை அடித்து, உள்ளே வைத்தால் வண்டியே நிறுத்து விலை போடும். வாழைப்பழத்துக்கு அமெரிக்கக் கடைகளில் 4011 என்பது எண்.

இதே அமேசான்தான் 2018இல் சியாட்டில் நகரில் வேறொரு கடையைத் திறந்து உலகத்தை அசத்தியது. அங்கே வண்டியும் ஸ்கேனரும் கிடையாது. கூரை நிறையக் கேமரா. எடுத்துக்கொண்டு நடந்து போனால் போதும் என்றிருந்தது. 2024 ஏப்ரலில் அந்த ஏற்பாட்டைத் தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, டேஷ் கார்ட் பக்கம் திரும்பப்போவதாக அமேசான் அறிவித்தது. வாங்கும்போதே கணக்கும் தள்ளுபடியும் கண்ணில் பட வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தச் சமயத்தில் இன்னொரு செய்தியும் அடிபட்டது. கேமரா பதிவுகளைப் பார்த்துச் சரிபார்க்க இந்தியாவில் பெரிய பணியாளர் படையே வேலை செய்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களின் முக்கிய வேலை இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பது, கணினியால் உறுதி செய்ய முடியாத சிறு பங்கை மட்டுமே சரிபார்த்தார்கள் என்று அமேசான் மறுத்தது. எப்படியானாலும் ஆளில்லாக் கடைக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள்.

இனி எல்லாக் கடைக்காரருக்கும் உள்ள கவலைக்கு வருவோம். பில் போடுவதையே நம்மிடம் கொடுத்துவிட்டால், போடாமல் போகிறவரை என்ன செய்வது? இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்ரியன் பெக், மேட் ஹாப்கின்ஸ் இருவரும், வாடிக்கையாளரே ஸ்கேன் செய்யும் கடைகளின் கணக்கை ஆராய்ந்தார்கள். சரக்கின் மதிப்பில் ஏறக்குறைய 4 சதவீதம் பில்லில் ஏறாமலே வெளியே போயிருந்தது. ஆஸ்திரேலியாவில் எமலின் டெய்லர் என்ற குற்றவியல் ஆய்வாளர் சொன்ன சம்பவம் இன்னும் வேடிக்கை. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கையிருப்பில் இருந்ததைவிட அதிகமான கேரட் விற்றிருப்பதாகக் கணக்கு காட்டியது. விலை கூடிய பொருளை எடைத் தட்டில் வைத்துவிட்டு, திரையில் 'கேரட்' என்று அமுக்கியிருக்கிறார்கள் மக்கள். இவர்களில் பலர் வழக்கமான திருடர்கள் இல்லை. யாரும் பார்க்கவில்லை, கேட்டால் தெரியாமல் அமுக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற இடம் கிடைத்ததும் கை நீண்டுவிட்டது. இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பூத்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் குழுமம், தானே பில் போடும் கவுண்டர்களை 2023இல் பெரும்பாலும் எடுத்தேவிட்டது. 28 கடைகளில் இரண்டில் மட்டும் விட்டுவைத்தது. கவுண்டரில் ஆள் இருப்பதுதான் எங்கள் வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள்.

சில டிராலிகளுக்கு அடியில் எடைக் கருவி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு லிட்டர் எண்ணெயை ஸ்கேன் செய்துவிட்டு ஐந்து கிலோ அரிசியை வைத்தால் எடை இடிக்கும், வண்டி கத்தும். நம்மிடம் வேலையைக் கொடுத்த கடைக்காரர் நம்மீது கண்ணையும் வைத்திருக்கிறார்.

பில் போடுவதற்காகவே வைத்த அந்தத் திரை வேறொரு வேலையும் செய்கிறது. நியூயார்க்கில் பிறந்த 'கேப்பர்' என்ற ஸ்மார்ட் டிராலி நிறுவனத்தை, மளிகை டெலிவரி செய்யும் இன்ஸ்டாகார்ட் 2021இல் 35 கோடி டாலருக்கு வாங்கியது. ஏன் அவ்வளவு விலை? நீங்கள் பிஸ்கட் வரிசையில் நிற்கும்போதே பிஸ்கட் விளம்பரத்தைக் கண்ணெதிரே காட்ட முடிகிறது அல்லவா? நீங்கள் எதை எடுத்தீர்கள், எதை எடுத்துவிட்டு யோசித்துத் திருப்பி வைத்தீர்கள் என்பது வரைக்கும் வண்டிக்குத் தெரியும். முகம் பார்த்துச் சரக்கு தள்ளும் பழைய கடைக்காரரின் சாமர்த்தியம் இப்போது கணினிக்குக் கைவந்திருக்கிறது.

நம் ஊரில் இது எப்போது வரும் என்று கேட்கலாம். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டாக ஸ்மார்ட் டிராலி செய்து காட்டுவது பல வருஷமாக நடக்கிறது. அவர்கள் பெரும்பாலும் நம்புவது ரேடியோ அலையில் பேசும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லை. டெகாத்லான் போன்ற விளையாட்டுப் பொருள் கடைகளில் துணியையும் பந்தையும் தொட்டியில் போட்டதுமே பட்டியல் வந்துவிடுவது இந்தச் சில்லால்தான். மளிகையில் அது எடுபடாததற்குக் காரணம் உண்டு. பத்து ரூபாய் உப்புப் பாக்கெட்டில் ஒட்டும் சில்லின் செலவு, அதில் கிடைக்கும் லாபத்தைத் தின்றுவிடும். தண்ணீரும் உலோகமும் ரேடியோ அலைக்கு எதிரி. பால் பாக்கெட்டும் டப்பாவும் நிறைந்த வண்டியில் சில்லைச் சரியாகப் படிப்பது கடினம். அதனால்தான் உலகத்தின் மளிகை டிராலிகள் பார்கோடு, கேமரா, எடை என்ற வழியில் போகின்றன.

தடைகள் இருந்தாலும் என்றாவது ஒருநாள் அது வரும். வந்தால் வரவேற்கலாமா? என்னைக் கேட்டால், ஒரே ஒரு காரணத்துக்காக வரவேற்பேன். வரிசை குறைவது பெரிய விஷயமில்லை. ஆயிரம் ரூபாய்க்குத் திட்டமிட்டு வந்த ஒரு குடும்பத்துக்கு, எண்ணூறைத் தாண்டும்போதே திரையில் தெரிந்துவிடுகிறது. கவுண்டரில் நாலு பேர் பார்க்க, 'இது வேண்டாம், அதை எடுத்துடுங்க' என்று கூச வேண்டியதில்லை. கணக்கு கடைசியில் வந்து இடிக்காமல் கூடவே வருகிறது. வாங்குகிறவருக்கு உண்மையான லாபம் இதுதான்.

ஆனால் வேலையை நம்மிடம் கொடுக்கும்போது நாமும் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாவது, எடை. நிறுத்து விலை போடும் ஒவ்வொரு டிராலியும் சட்டப்படி ஒரு தராசு. கடைத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும் என்றால் இதற்கும் வேண்டும். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் விழும் விலையைப் பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யோடு ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ரொக்கம். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம், கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று 2019இல் சட்டமே போட்டது. கார்டு இல்லாத ஏழைக்குக் கடைக் கதவு அடைபடக் கூடாது என்பதுதான் நியாயம். ஜப்பான்காரர்கள் அட்டையில் ரொக்கம் போட வழி வைத்த மாதிரி இங்கேயும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஆள். நம் ஊர் பில் கவுண்டர்களில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்தச் சம்பளத்தை நம்பி வீடுகள் இருக்கின்றன. கண் தெரியாத பெரியவருக்கு விலையைப் படித்துச் சொல்வதும், இரண்டு முறை விழுந்த பொருளைப் பில்லிலிருந்து எடுப்பதும் அவர்கள் வேலைதான். ஒரு கவுண்டராவது மனிதர் கையில் இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை.

நேயர்களே, உங்கள் ஊருக்கு ஸ்மார்ட் டிராலி வரும் நாளில் தயங்காமல் தள்ளிப் பாருங்கள். ஆனால் பில்லைப் படிக்காமல் வெளியே வராதீர்கள். யார் போட்டாலும், பில்லைச் சரிபார்க்கும் வேலை என்றைக்கும் நம்முடையதுதான்.