லீலாவதியின் மகள்களும் நம் மஹல்லாவின் பெண்மக்களும்

(கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறிவியல் துறையில் பெண்கள் என்னும் பொருளில் வெளிவந்துள்ள நூல்கள் குறித்து உரையாற்றுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். முதலில் எடுத்துக்கொள்ளும் நூல், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமி 2008-இல் வெளியிட்ட 'லீலாவதிஸ் டாட்டர்ஸ்'. ரோஹிணி காட்போலே, ராம் ராமசாமி ஆகியோர் தொகுத்த இந்நூலில், இந்தியப் பெண் விஞ்ஞானிகள் ஏறத்தாழ நூறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகள் உள்ளன.

லீலாவதி யார்? 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியர் இயற்றிய கணித நூலின் பெயர் அது. அக்பர் அவையின் புலவர் ஃபைஸி 1587-இல் அதனைப் பாரசீகத்தில் பெயர்த்தபொழுது, முன்னுரையில் ஒரு கதை சொன்னார். திருமண முகூர்த்தத்தைக் காட்டும் நீர்க்கடிகாரத்தை மகள் லீலாவதி எட்டிப் பார்த்தாளாம். ஆடையிலிருந்த முத்தொன்று விழுந்து துளையை அடைத்ததாம். நல்ல நேரம் தவறிப்போனதாம். மகளைத் தேற்றத் தந்தை அவள் பெயரால் கணித நூல் எழுதினாராம். வரலாறோ, கற்பனையோ, மணம் தவறிய பெண்ணுக்குத்தான் கணக்கு ஆறுதலாக வர வேண்டுமா என்னும் கேள்வி நம்மை விட்டபாடில்லை.

சர் சி.வி. இராமன் 1888-இல் நம் திருவானைக்காவலில் பிறந்தவர். அவரால் திருச்சிக்குப் பெருமையே. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராயிருந்த 1933-இல், பம்பாயில் பட்டம் பெற்று வந்த கமலா பாகவத் என்னும் மாணவியைப் பெண் என்பதனாலேயே சேர்த்துக்கொள்ள மறுத்தார். அப்பெண் விடாது வாதாடிய பின்னரே, ஓராண்டு சோதனைக் காலம் முதலான நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர் 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

இராமனின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றிய அன்னா மணியின் செய்தி இன்னும் நெஞ்சைத் தைப்பது. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து 1940-இல் அங்கு சென்றார். வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார்; புகைப்படத் தகட்டில் ஒரு பதிவு விழப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது. ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு, 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டமில்லை என்று கூறி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள்! இக்கூடத்தில் பெண்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை அபா சூர் 2011-இல் வெளியிட்ட 'டிஸ்பர்ஸ்டு ரேடியன்ஸ்' நூல் விரிவாக ஆராய்கிறது.

பட்டம் கிடைக்காத அவ்வம்மையார் சோர்ந்துவிடவில்லை. இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கருவிகளை இங்கேயே செய்ய வழிவகுத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றார். நாட்டின் சூரியக் கதிர்வீச்சையும் காற்றின் வேகத்தையும் அளந்து நூல்களாக்கினார். நாகர்கோவில் செல்லும்போது ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைக் காண்போர் அவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

பெண்ணின் மூளை எடை குறைந்தது, ஆகவே அறிவும் குறைந்தது என்று 1887-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் ரோமனேஸ் எழுதினார். ஏஞ்சலா சைனி 2017-இல் எழுதிய 'இன்ஃபீரியர்' இத்தகைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதிக்கிறது. எடைதான் அறிவென்றால் யானையல்லவா நமக்குப் பாடம் நடத்த வேண்டும்!

இனி நம் காலத்திற்கு வருவோம். செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்ற சகோதரி நிகர் ஷாஜி, 2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர். தமிழ்வழியில் பயின்று, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய கலைச்செல்வி, 1942-இல் தொடங்கிய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் முதல் பெண் தலைமை இயக்குநராக 2022-இல் பொறுப்பேற்றார். முதல் பெண்மணி வருவதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுதோறும் தமிழகத்துப் பெண்பிள்ளைகளே முந்துகிறார்கள். கல்லூரியின் அறிவியல் வகுப்புகளிலும் இன்று அவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். ஆயினும் நாட்டின் ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இடைப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? அறிவு வற்றிப்போனதா? இல்லை. பேருந்தில் வெகுதூரம் செல்ல வேண்டும், விடுதியில் தங்க வேண்டும், வரன் வந்துவிட்டது, குழந்தை பிறந்துவிட்டது என்னும் காரணங்களால் படிப்பு நின்றுவிடுகிறது. நிக்காஹ் பேசும் சபையில் நகையையும் மண்டபத்தையும் மணிக்கணக்கில் பேசுகிற நாம், பெண் படிப்பைத் தொடர்வாளா என்பதை இரண்டு நிமிடமேனும் பேசுகிறோமா? பேசி முடிவானதை இரு வீட்டுப் பெரியவர்களும் ஜமாஅத் முன்னிலையில் உறுதி கூறினால், பின்னர் மாறிப்பேச இடமிராது. நிர்வாகிகள் இதனைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இங்குக் குறிப்பிட்ட நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளவை. உயர்நிலை வகுப்பு மாணவியர் வாரம் ஒரு வாழ்க்கைக் குறிப்பைப் படித்து, வீட்டில் தாய்க்கும் பாட்டிக்கும் தமிழில் எடுத்துச் சொல்லலாம். தந்தையரும் உடனிருந்து கேட்பதில் தடையொன்றுமில்லை.